படங்குத் தழும்பு

பேனரின் மறுமுனையைக் கட்ட இடம் கிடைக்கவில்லை. ஹட்டனிலிருந்து வேனில் வந்திறங்கிய இரண்டு ஆட்கள் ஒரு முனையை இஸ்தோப்புத் திண்ணைத் தூணில் இறுக்கிவிட்டு, மற்றதைப் பிடித்துக்கொண்டு லயத்து வரிசை வீடுகளின் வாசலில் அங்கும் இங்கும் திரிந்தார்கள். கடைசியில் கொய்யா மரம் அகப்பட்டது. 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே எழுதியிருந்தது. நடுவில் நல்லமுத்துவின் முகம், தேசிய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. கீழே, செத்தவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'பிரதாப் அச்சகத்தார்' என்று இருந்தது.

அவர் பெண்டாட்டி அம்மாக்கண்ணு தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி, திறந்த கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் கிருஷாந்தி வந்து அழுது, களைத்து, தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள். தப்படிக்கிறவர்கள் வாசலில் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

ஆம்பிளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டியோடு புறப்பட்டாயிற்று. கோவில் தலைவர் நாற்காலியில் இருந்தார். வராதவர்கள் பொம்பிளைகள். சாவு விழுந்தால் அரை நாளோடு தேயிலை மலையை விட்டு இறங்கிவிடுகிற பொம்பிளைகள், இன்றும் இறங்கித்தான் இருந்தார்கள். ஆனால் எதிர் லயத்துப் பீலிக்கரையோடு நின்றுவிட்டார்கள். முக்காடு போட்டுக்கொண்டு, கூட்டமாக, தண்ணீர் எடுக்க வந்தவர்கள் மாதிரி.

பொம்பிளைகள் வந்து வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு அழாத சாவு இந்தத் தோட்டத்தில் நடந்ததில்லை. பெண்டாட்டியைக் கொன்றுவிட்டுத் தூக்கில் தொங்கினவனுக்குக்கூட வந்து அழுதார்கள். நல்லமுத்துவுக்கு அழ மாட்டார்கள் போலிருந்தது. நல்லமுத்து போய்ச் சேர்ந்துவிட்டார், அவருக்கென்ன? நாளைக்கு அதே மலையில் அதே பொம்பிளைகளோடு நிரை பிடித்துக் கொழுந்து எடுக்க வேண்டியவள் அம்மாக்கண்ணு. இன்றைக்கு அவர்கள் வாசல் மிதிக்காமல் போனால் இனி எந்த நாளும் மிதிக்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் பிணத்துக்கும் யாரும் வர மாட்டார்கள். காலையிலிருந்து அவளுக்கு அந்த நினைப்பு ஒன்றுதான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு புத்தகம்.

நல்லமுத்து ஒரு காலத்தில் பிரதாப்பின் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். பிரதாப் 'ரதிராணி' என்று ஒரு மாசப் புத்தகம் போட்டார். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் லொத்தர்ச் சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்து விற்கிற ரகப் புத்தகம். அதற்கு எழுத்துக் கோத்துக் கோத்து, இந்தக் கண்றாவியை நான் இதைவிட நன்றாக எழுதுவேனே என்று நல்லமுத்துவுக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் சும்மா இருக்கலாமே, இருக்கவில்லை. வெளியே வந்து 'இரவுக்கிளி' ஆரம்பித்தார்.

அன்று தொடங்கியது போட்டி. முதலில் இரண்டு புத்தகத்திலும் முக்கியமான இடம் வந்ததும் விளக்கு அணைந்துவிடும். அடுத்த பந்தியில் சேவல் கூவும். அப்புறம் பிரதாப் ஒரு மாசம் விளக்கை அணைக்காமல் விட்டார். சனம் அள்ளிக்கொண்டு போனது. பதிலுக்கு நல்லமுத்து கம்பளியை உருவினார். கதை நடக்கிற கந்தப்பளைக் குளிரில் கம்பளியை உதறுகிற பொம்பிளை எந்த லயத்தில் இருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை, வாங்கினார்கள். பிரதாப் வெள்ளைக்காரிகள் படத்தைப் போட்டார், மறைக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை அடித்து. மாசத்துக்கு மாசம் பட்டை மெலிந்தது. ஒரு தீபாவளி இதழில் பட்டையே இல்லை. நேற்று வரை கூசின கண் இன்றைக்குக் கூசாது, நாளைக்கு அதுவும் போதாது என்று சொல்லும். அந்தத் தொழிலின் இலட்சணம் அது.

படம் போட நல்லமுத்துவிடம் வசதி கிடையாது. எழுத்தால்தான் ஜெயிக்க வேண்டும். எழுதுவதற்கோ, அந்த மனுசனுக்கு உலகத்தில் தெரிந்த பொம்பிளை ஒருத்திதான்.

கொழுந்து எடுக்கிறவள் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவாள். தேயிலைக் கிளை கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க, கெட்டிச் சாக்கையோ றப்பர்ச் சீலையையோ சுற்றி, அவிழாதபடி கயிற்றால் இறுக்குவாள். வருசக்கணக்காக இறுக்கி இறுக்கி அந்த இடம் கறுத்துக் காய்த்துப்போகும். அரைஞாண் மாதிரி ஒரு கறுப்புத் தழும்பு. புருசனைத் தவிர யாரும் பார்க்காத தழும்பு. நல்லமுத்து அதை எழுதினார். விளக்கு வெளிச்சத்தில் அது எப்படி இருக்கும், தொட்டால் எப்படி இருக்கும், தொட்டால் அவள் என்ன சொல்லுவாள் என்று எழுதினார். வெள்ளைக்காரிகளைப் பார்த்துச் சலித்திருந்த தோட்டத்து ஆம்பிளைகள் பைத்தியம் பிடித்த மாதிரி வாங்கினார்கள். மாசா மாசம் தொடர் வந்தது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி தராசைப் பார்க்காமல் தன் இடுப்பைப் பார்த்தபோதுதான் அம்மாக்கண்ணுவுக்கு விசயம் தெரிந்தது. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். கிருஷாந்தியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். தன் இடுப்பைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்த பொம்பிளை இந்த மலையில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கேட்டாள். நல்லமுத்துவுக்குத் தன் மேல் தப்பு இருப்பதாகவே தெரியவில்லை.

"பேரு போடலியே புள்ள. ஊரையும் கந்தப்பளைன்னு மாத்திட்டேன். படங்கு கட்டுற எல்லாருக்கும் இருக்கறதுதான? ஒன்னோடதுன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

கெட்டிக்காரத்தனம் என்று அவர் நினைத்தது அதைத்தான். எல்லாருக்கும் இருப்பது என்பதால்தான் எல்லா வீட்டிலும் சண்டை வந்தது. இது யாருடையது, இவன் எப்படிப் பார்த்தான் என்று ஒவ்வொரு புருசனும் தன் பெண்டாட்டியை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பொம்பிளைகள் பீலியில் குளிப்பதை விட்டார்கள். இருந்தாலும் அது முணுமுணுப்போடு நின்றது.

நிற்காமல் செய்தது கடைசி இதழ். ஒரு காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களம் முழுக்க இரவுக்கிளி விரிந்து கிடந்தது. அதே கிளி, அதே அட்டை. 'கீழ் டிவிசன் படங்குக்காரிகள்' என்று தலைப்பு. உள்ளே லயம் லயமாக, காம்பரா காம்பராவாக, இவர்கள் இருக்கிற அந்த டிவிசன் பொம்பிளைகளின் பெயரைக்கூட மாற்றாமல், யார் யாரோடு என்று எழுதியிருந்தது. எதிர் லயத்துப் பவளத்தின் பெயர் முதல் பக்கத்தில் இருந்தது. அவள் புருசன் செல்லசாமி விறகுக்கட்டையால் அடித்த அடியில் பவளத்தின் இடது காது அன்றோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள்.

நல்லமுத்து மாரியம்மன் கோவிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார், அது நான் எழுதினதில்லை என்று. யார் நம்புவார்கள்? ஒரு பொம்பிளையை எழுதினவன் ஒன்பது பேரை எழுத மாட்டானா? அம்மாக்கண்ணுவும் நம்பவில்லை. இரவுக்கிளி அந்த மாசத்தோடு செத்தது. ரதிராணியும் பின்னால் கைப்பேசி வந்ததும் செத்தது. பிரதாப் கோவில் திருவிழா நோட்டீசும் பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகமும் அச்சடித்துப் பெரிய மனுசரானார். நல்லமுத்து மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். ஒரே காம்பராவில் அவர் கட்டிலிலும் அவள் அடுப்படியிலுமாகப் படுத்தார்கள். "சோறு இருக்கு" என்பதுதான் இத்தனை வருசமும் அவள் அவரிடம் பேசிய பேச்சு.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில், பார்க்க விடுகிற நேரத்தில் கஞ்சி கொண்டு போயிருந்தாள். வாதத்தில் வாய் ஒரு பக்கம் இழுத்துக் கிடந்தது. ஆனாலும் சொன்னார்.

"அது... நான் எழுதல, அம்மாக்கண்ணு."

"வாயத் தொறங்க" என்று சொல்லிக் கரண்டியை உள்ளே விட்டாள். விடிந்தபோது தகவல் வந்தது.

வாசலில் சலசலப்பு. பிரதாப் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம், கையில் மலர் வளையம். கோவில் தலைவர் எழுந்து இடம் கொடுத்தார். பிரதாப் காம்பராவுக்குள் குனிந்து நுழைந்து, வளையத்தைப் பெட்டி மேல் சாத்தி, கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அம்மாக்கண்ணு பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்தார். மனுசன் மெலிந்திருந்தார். நெஞ்சில் ஒப்பரேசன் செய்ததாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

"நான் எல்லாத்தையும் அவுத்துக் காட்டினேன் தங்கச்சி" என்றார் மெதுவாக. "இவன் ஒரு தழும்ப எழுதினான். என் புத்தகம் கட்டுக் கட்டாத் திரும்பி வந்துச்சு. கடைக்காரனெல்லாம் சிரிச்சான்."

பெட்டிக்குள் படுத்திருக்கிறவனைப் பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். எழுந்து போனால் தேவலை என்றிருந்தது. அவர் இன்னும் கிட்டே வந்தார். தைலம் மணத்தது.

"அந்தக் கடைசிப் புத்தகம் அவன் போட்டதில்ல. நான் போட்டது. அட்டையும் எழுத்தும் எனக்குத் தெரிஞ்சதுதான. சாராயக் கடையில ஒங்க லயத்து ஆம்பளைங்களே சிரிச்சிச் சிரிச்சுப் பேரெல்லாம் சொன்னாங்க. எனக்கு இப்ப தூக்கமே இல்ல தங்கச்சி. ஒரு வார்த்த, மன்னிச்சிட்டேன்னு சொல்லிரு."

அம்மாக்கண்ணு பெட்டியைப் பார்த்தாள். நாடிக்கட்டு கட்டிய முகம். நேற்றுக் கரண்டி பட்ட உதட்டோரத்தில் கஞ்சி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, குளிப்பாட்டினவர்கள் கவனிக்கவில்லை. அவள் முந்தானையால் அதைத் துடைத்தாள்.  பாவி, இத்தனை வருசம்! கற்பூரத்தை அணைத்த மனுசனை அடுப்படிக்கு அந்தப் பக்கமாகவே வைத்திருந்துவிட்டாளே. அதற்காக அந்த மனுசன் யோக்கியனாகிவிடுவானா? இடுப்பைக் கடைக்குக் கொண்டுபோனவன்தானே? 

"மொதலாளி, வெளிய வாங்க" என்றாள். "பொம்பளைங்க நிக்கறாங்க. இதச் சத்தமாச் சொல்லுங்க."

பிரதாப் பதறிவிட்டார். தான் இப்போது கோவில் சபையில் இருப்பதையும், பள்ளிக்கூடங்களுக்கு அச்சடிப்பதையும், மகளுக்குச் சம்பந்தம் பேசியிருப்பதையும் வரிசையாகச் சொன்னார். செத்தவனுக்கு இனி என்ன, இருக்கிறவன் பிழைக்க வேண்டாமா என்றார்.

"அன்னைக்குப் பெரட்டுக்களத்துல போட்டீங்க. இன்னைக்குக் காதுல சொல்றீங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

 பிரதாப் எழுந்து, சாரத்தைத் தட்டிக்கொண்டு, வாசலுக்குப் போய்க் கோவில் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கிருஷாந்தி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தாலி போனவள் ஒப்பாரி வைத்தால் அவளை யாரும் வாயை மூடச் சொல்லக் கூடாது. அது அந்த லயங்களில் எழுதாத சட்டம். ஒப்பாரியில் கங்காணியை ஏசினவர்கள் உண்டு, துரையை ஏசினவர்கள் உண்டு, மாமியாரின் இருபது வருசத்துக் கணக்கைத் தீர்த்தவர்களும் உண்டு. மறுநாள் யாரும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அம்மாக்கண்ணு கொண்டையை அவிழ்த்தாள். இஸ்தோப்புக்கு வந்து, தூணில் முதுகைச் சாய்த்து, பீலிக்கரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பவளத்துக்கு ஒரு காதுதான் கேட்கும். அதனால் அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"படங்கு கட்டி மலையேறி – நான்
பச்சக் கொழுந்து பறிச்சேனே
படங்கு போட்ட தழும்பத்தான் – என் ராசா
பல பேரு பாக்க எழுதினியே

எழுதினது ஒன் குத்தம் – அதுக்கு
எரிஞ்ச வயிறு எரியட்டும்
எழுதாத குத்தமொண்ணு – ஒன்
எலும்பு மட்டும் ஏறிருச்சே"

தப்புச் சத்தம் நின்றுவிட்டது. பழியும் பாவமுமாகப் பாட்டு எங்கே போகிறது என்று பெரியவர்களுக்கு விளங்கவில்லை. பிரதாப்புக்கு விளங்கியது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார்.

"சாராயக் கடையிலதான் – லயத்துச்
சனமெல்லாம் கூடிருந்து
கட்டினவ பேரெல்லாம் – கூசாம
கைகொட்டிச் சொன்னாங்களே

கேட்டவரு அச்சடிச்சார் – அதுல
கிளிப்படமும் போட்டடிச்சார்
பவளம் பேர மொதல்ல வச்சு – என் ராசா
பழிய ஒம்மேல வச்சாரே

வச்சவரு வந்திருக்கார் – இப்ப
வெள்ளச் சட்ட போட்டிருக்கார்
காதுக்குள்ள சொன்னதத்தான் – இந்தக்
கல்லு மல கேக்கட்டுமே"

பிரதாப் கோவில் தலைவரைப் பார்த்தார், ஏதாவது சொல்லி நிறுத்துங்கள் என்கிற மாதிரி. தலைவர் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்தக் காலத்தில் சாராயக் கடைக்குப் போனவர்தான். குழி வெட்டிவிட்டுத் திரும்பியிருந்த செல்லசாமி மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் கால் விரலால் சுரண்டினார். அம்மாக்கண்ணு நிறுத்தவில்லை. முதலிலிருந்து இன்னொரு தரம் எடுத்தாள். இந்தத் தரம் பிரதாப் என்று பெயரையே சொன்னாள்.

பீலிக்கரையில் பவளம் தலையைத் திருப்பி வலது காதை இந்தப் பக்கம் காட்டி நின்றாள். முடியும் வரை அப்படியே நின்றாள். பிறகு பாதையைக் கடந்து வந்தாள். அவள் பின்னால் ஒருத்தி, அவள் பின்னால் ஒருத்தி. வாசல் தூறலில் நனைந்து சொதசொதவென்று கிடந்தது. பவளம் நின்று தரையைப் பார்த்தாள், பேனரைப் பார்த்தாள்.

"ஒக்கார எடமில்ல" என்றாள்.

கொய்யா மரத்து முடிச்சை அவிழ்த்தாள். தூணில் இருந்த முடிச்சு அவிழவில்லை. கொழுந்துக்காரி நகம், பிய்த்தே எடுத்துவிட்டாள். அச்சுப் பக்கம் மண்ணில் படும்படி பேனரை விரித்தாள். பொம்பிளைகள் அதன் மேல் வட்டமாக உட்கார்ந்து, அம்மாக்கண்ணுவை நடுவில் இழுத்துப் போட்டுத் தோளைக் கட்டிக்கொண்டார்கள். அழுகை லயத்துத் தகரத்தைத் தூக்கியது. அவர்கள் நல்லமுத்துவுக்காக அழவில்லை. அது அம்மாக்கண்ணுவுக்குத் தெரியும். பவளம் அவள் காதோடு கேட்டாள்.

"மொதல்ல எழுதினது ஒன்னோடதா புள்ள?"

"ஆமா."

"சொல்லிருக்கலாம்ல."

அம்மாக்கண்ணு அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். பவளம் கையை எடுக்கவில்லை.

பெட்டியைத் தூக்கும்போது பிரதாப்பின் வேன் அங்கே இல்லை. எந்நேரம் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. பொம்பிளைகள் முச்சந்தி வரை போய்த் திரும்பினார்கள். ஆம்பிளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறினார்கள். வழக்கமாகத் தூக்குகிறபோது பேசுகிற பேச்சு ஒன்றும் அன்று இல்லை.

கருமாதி முடிந்து கிருஷாந்தி கொழும்புக்குத் திரும்பினாள். மறுநாள் காலையில் அம்மாக்கண்ணு பெரட்டுக்குப் போனபோது, பவளம் கையில் கத்தரிக்கோலும் மடித்த பேனரும் வைத்திருந்தாள். சேறு கழுவிக் காய வைத்திருந்தாள். அவள் பழைய படங்கு கிழிந்து மாசக்கணக்காகிறது. தோட்டத்தில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

"நல்ல கெட்டி. ரெண்டு பேருக்கும் ஆகும்" என்று சொல்லி, குறுக்கே வெட்டினாள். வெட்டின பிறகு இரண்டு துண்டையும் தூக்கிப் பார்த்தாள். ஒன்றில் அச்சகத்தார் பெயர் இருந்தது, ஒன்றில் முகம்.

"எது ஒனக்கு?"

அம்மாக்கண்ணு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரட்டு மணி அடித்தது. பவளம் அதற்கு மேல் காத்திருக்காமல் பெயர் இருந்த துண்டை எடுத்துப் பின்பக்கமாகச் சுற்றிக் கயிற்றை இறுக்கினாள். பிரதாப் அச்சகத்தார் அவள் பிட்டத்தில் தலைகீழாகத் தொங்கினார்கள். யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மாக்கண்ணு மற்றத் துண்டை எடுத்தாள். முகத்தை உள்பக்கமாகத் திருப்பினாள். இடுப்பில் சுற்றி, கயிறு எப்போதும் உட்காருகிற இடத்திலேயே வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறுக்கிக் கட்டினாள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிரைக்கு ஏறினாள்.